திடல் போர்டும் என் மேல் கட்டிய பிராதும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். இதில் சாமி சம்பந்தப்பட்டிருக்கிறது, பெண்ணின் கல்யாணம் சம்பந்தப்பட்டிருக்கிறது, எனக்குச் சோறு போட்ட முதலாளியும் சம்பந்தப்பட்டிருக்கிறார். எழுதினால் மூன்றில் ஒன்றுக்காவது மனத்தாங்கல் ஆகும் என்று பயம். இப்போது முதலாளி காலமாகிவிட்டார். பெண்ணுக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது என் மருமகன். போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போக, போனிலேயே ரூம் எடுத்தார். முதலில் ஒரு வாடகை காட்டியது. அடுத்த பக்கம் போனால் அது வேறாக இருந்தது. பணம் கட்டுகிற இடத்துக்கு வந்தபோது முதலில் பார்த்ததற்கும் அதற்கும் உறவே இல்லை.

"என்னாங்க மாமா இது? கண்ணெதிர்லயே ஏறுது!" என்றார்.

"உங்களுக்கு போன்ல ஏறுது. நான் வாயாலயே ஏத்திக் காட்டின ஆளுங்க" என்றேன்.

அவருக்கு அந்தக் கதை தெரியாது. அவர் கல்யாணமே அதில் மாட்டிக்கொண்டு நின்றதும் தெரியாது. சொன்னதும், "எழுதி வையுங்க மாமா" என்றார்.

நான் படித்தது எட்டாவது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சின்ன வயதிலேயே சேர்ந்தேன். களிமண் பிசைந்தேன், அச்சில் ஊற்றினேன், சூளை ஏற்றினேன், இறக்கினேன். மண் தூசு நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போன பிறகு முதலாளி என்னைத் தூக்கி வெளியே போடவில்லை. அந்த நன்றி இன்னும் இருக்கிறது. கம்பெனிக்குப் பின்னால் வேலி போட்ட பெரிய காலி இடம் ஒன்று கிடந்தது. "கொளஞ்சி, இனிமே நீ திடலைப் பாத்துக்க" என்றார். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில் அது நடந்தது.

திடல் என்றால் யாத்திரை வருகிறவர்கள் தங்குகிற இடம். மாசி மகத்துக்கு எங்கள் ஊருக்கு வருகிற ஜனத்தை ஊர் தாங்காது. மணிமுத்தாற்றில் முழுகி, பழமலைநாதரையும் விருத்தாம்பிகையையும் கும்பிட்டு, பிள்ளைக்கு மொட்டை போட்டு, காது குத்தி, தேர் பார்த்துவிட்டுப் போக டிராக்டரிலும் வேனிலும் வருவார்கள். லாட்ஜுக்குக் கொடுக்க முடியாது. தார்ப்பாய் விரித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்க இடம் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மாலை போட்டவர்களின் வேன்களும் வந்து நிற்கும்.

இந்த இடத்துக்கு என்ன விலை, எதற்கு விலை என்பதுதான் எங்கள் தலைவலி. சும்மா தரையைக் காட்டிக் காசு கேட்பது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை.

முதல் வருஷம் முதலாளி யோசித்து, "அடுப்புக்குப் பத்து ரூபா" என்றார். ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, நியாயமாகத்தான் பட்டது. வந்தார்கள் ஒரு கிராமத்து ஜனம். வண்டியிலிருந்து ஓர் அண்டாவை இறக்கினார்கள். அதற்குள் நானே உட்கார்ந்து குளிக்கலாம். மூன்று கல்லைக் கூட்டி ஊருக்கே பொங்கினார்கள். ஓர் அடுப்பு, பத்து ரூபாய். அதைக் கேட்கப் போன எனக்கும் ஓர் இலை போட்டார்கள். முதலாளிக்கும் வாளியில் சாம்பார் வந்தது. சாப்பிட்டுவிட்டு, "உப்பு கரெக்டா இருக்குது" என்றார்.

மறு வருஷம் தலைக்கு இரண்டு ரூபாய். இதைப்போல ஒரு கஷ்டம் நான் பட்டதில்லை. தலையை எண்ணிக் காசு வாங்கி உள்ளே விடுவேன். அவர்கள் ஆற்றுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். எனக்கு ஒருத்தரையும் அடையாளம் தெரியாது. "நீங்க யாரு, புதுசா? ரெண்டு ரூபா குடுங்க" என்பேன்.

"யோவ், காலையில முடியோட வந்தவன்தான்யா நானு. முடி போனா நான் வேற ஆளாயிடுவனா?" என்று ஒரு பெரியவர் சந்தனம் பூசின மண்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவர் பேரன், "தாத்தா, முடியைக் கொண்டாந்து காட்டணுமாம், அப்பதான் வுடுவாராம்" என்றான். திடலே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கு அப்புறம் வந்ததுதான் கட்டம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை கம்பெனியில் கழித்துப் போட்ட கரண்டுக் கம்பத்துப் பீங்கானைப் புதைத்து நம்பர் எழுதினோம். ஒரு கட்டத்தில் ஒரு குடும்பம் நீட்டிப் படுக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

போர்டில் "ஒரு கட்டம் ரூ.10 முதல்" என்று எழுத வைத்தார் முதலாளி. பத்து மட்டும் என் முழங்கை நீளம் இருக்கும். "முதல்" என்பது கடுகு அளவு. இதையே மஞ்சள் நோட்டீசாக அடித்துத் திட்டக்குடி, நல்லூர், பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டினோம். நோட்டீசில் இடம் போதவில்லை என்று அந்தக் கடுகையும் எடுத்துவிட்டார்கள். "பத்தே ரூபாயில் குடும்பத்தோடு தங்கலாம்" என்று ஆட்டோவில் மைக் கட்டியும் கத்தினோம்.

பத்து ரூபாய்க் கட்டம் இல்லாமல் இல்லை, இருந்தது. சூளைச் சாம்பலும் உடைசலும் கொட்டுகிற மேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை. வேப்பமர நிழலில் இருந்த வரிசை இருபது. குழாய்க்குப் பக்கம் இருபத்தைந்து. அடுப்பு மூட்டினால் ஐந்து, பல்பு போட்டால் ஐந்து, வண்டி நிறுத்தினால் பத்து. மகத்தன்று எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு ஐந்து.

முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை. விடிந்தால் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். நெற்றி நிறைய விபூதி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது சங்கடமாகக் கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவனுக்கே கேள்வி மறந்துபோகும்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. அபிஷேகத்துக்கு எதற்கு அப்புறம் எது என்று சொல்வதுபோல அவ்வளவு பக்குவமாகச் சொல்வார். "மொதல்ல கட்டத்தைக் காட்டு. தார்ப்பாயை விரிக்கட்டும். புள்ளைங்க படுக்கட்டும். அவங்க கல்லைத் தேடுவாங்க பாரு, அப்ப அடுப்புக்குச் சொல்லு. இருட்டும்போது பல்புக்குச் சொல்லு. வண்டிக்குக் கடைசியில சொல்லு. வந்ததும் வராததுமா எல்லாத்தையும் சொல்லி ஏன் ஜனங்களைப் பயமுறுத்தணும்?"

"ஏமாத்துற மாதிரி இருக்குதுங்களே" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

கண்ணாடி கழன்றது. "நாம யாரை ஏமாத்துறோம் கொளஞ்சி? கேட்டா சொல்லணும். கேக்கறவங்களுக்கு மறைச்சமா?"

கேட்டா சொல்லணும். இதுதான் அவர் வேதம். திடல் கேட்டில் நின்று திட்டு வாங்குகிறவன் நான். விரித்த தார்ப்பாயைச் சுருட்ட யாருக்கும் மனசு வராது என்பது வாஸ்தவம். கொடுத்துவிடுவார்கள். ஆனால் கொடுக்கும்போது என் அப்பா அம்மாவையும் சேர்த்து ரெண்டு வார்த்தை கொடுப்பார்கள். சட்டைப்பையில் சில்லறையும் காதில் வசவுமாக அன்றாடம் வீட்டுக்குப் போவேன்.

அப்படி ஒரு மகத்துக்குத்தான் பூங்காவனம் என்ற அம்மா வந்தார். திட்டக்குடிப் பக்கத்து ஊர். டிராக்டர் டிப்பர் நிறைய பங்காளி ஜனம். அவர் பேரனுக்கு மொட்டை. அந்த அம்மாவே ஆளைக் கூட்டி, காசு வசூலித்து, எல்லாம் ஏற்பாடு செய்து அழைத்து வந்தவர். குழாய்ப் பக்கம் நல்ல வரிசையாகப் பார்த்துத் தார்ப்பாய் விரித்தார்கள். நான் முறைப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுப்பில் உலை கொதித்தது. இருட்டிக்கொண்டு வந்ததும் பல்புக்குச் சொல்லி, கடைசியில் டிராக்டருக்குச் சொன்னபோது அந்த அம்மா எழுந்து நின்றார்.

"அண்ணே, எல்லாம் சேத்து ஒரு கட்டத்துக்கு எவ்ளோ ஆவுது, ஒரே வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

மடியிலிருந்து மஞ்சள் நோட்டீசை எடுத்து விரித்தார். "இதுல பத்துன்னு போட்டிருக்குது. நான் இதைக் காட்டித்தான் வூட்டுக்குப் பத்துப் பத்தா வாங்கியாந்தேன். இப்பப் போயி மறுவாட்டி கேட்டா என்னா சொல்லுவாங்க? பூங்காவனம் நடுவுல தின்னுட்டான்னு சொல்லுவாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னாலிருந்து அவர் ஓரகத்தி, "அதான பாத்தேன், பத்து ரூபாய்க்கு யாரு இடம் குடுப்பான்னு!" என்றார். பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். பூங்காவனத்தின் முகம் சூளையில் வைத்தது போல ஆகிவிட்டது. காதில் கிடந்ததைக் கழற்றி ஆள் அனுப்பினார். கடைத்தெருவில் அடகு வைத்து என் கையில் காசைக் கொடுத்துவிட்டார். ஒரு வசவு இல்லை. "உங்க பேரு என்னாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"கொளஞ்சிம்மா."

"நல்ல பேரு" என்றார்.

மறுநாள் அவர்கள் டிராக்டர் ஊருக்குத் திரும்பும் வழியில் மணவாளநல்லூரில் நின்றது. அங்கே கொளஞ்சியப்பர் கோயில். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோர்ட்டில் மனு கொடுப்பதுபோல அந்த முருகனிடம் பிராது கொடுக்கலாம். நமக்கு அநியாயம் செய்தவர் பெயரும் விவரமும் காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வரவேண்டும். அப்புறம் சாமி பார்த்துக்கொள்வார். ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி ஒரு சின்னக் கட்டணம் உண்டு. அதைக் கோயிலில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள், முனியப்பருக்குத் தனி, முருகனுக்குத் தனி என்று இழுக்க மாட்டார்கள். காரியம் முடிந்தால், கட்டியவரே வந்து வாபஸ் வாங்கவேண்டும்.

பூங்காவனம் என் பெயரில் பிராது கட்டிவிட்டுப் போய்விட்டார்.

என் மைத்துனனுக்கு மணவாளநல்லூர். அவன் கண்ணால் பார்த்து, அன்று சாயந்திரமே வந்து என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டான். நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் சாமி மாடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எந்தச் சாமி பேரை வச்சாங்களோ அந்தச் சாமி கிட்டயே உங்க பேரை எழுதிக் குடுத்திருக்காங்க. சந்தோசந்தானே?"

"நான் என்னாடி பண்ணேன்? மொதலாளி சொன்னதைச் சொன்னேன்."

"அதை முனியப்பர் கிட்ட சொல்லுங்க. பங்குனியில தட்டு மாத்தலாம்னு நல்லூர் மாப்ள வூட்டுலேர்ந்து நாள் பாத்துச் சொல்லியிருக்காங்க. பிராது இருக்கிற வூட்டுல நான் தட்டு மாத்த மாட்டேன். எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

பெண் சுவரோரம் நின்று தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த மஞ்சள் நோட்டீசின் மேல்தான் வந்தது. சம்பளம் வாங்குவது நான், லாபம் பார்ப்பது இன்னொருத்தர், பிராது மட்டும் என் பெயரிலா?

பஸ் ஏறித் திட்டக்குடி போய், அங்கிருந்து விசாரித்துப் பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார இடம் கொடுத்தார், மோர் கொடுத்தார். பிராது கட்டின ஆளுக்கு மோர் கொடுக்கிறாரே என்று எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"உங்க காதுல கெடந்ததை நானே மூட்டுத் தந்துடறேம்மா. வாபஸ் வாங்கிடுங்க" என்றேன்.

"காசா பிரச்சன? நேத்துக்கூட எங்க ஓரகத்தி தண்ணிக் குழாயாண்ட கேக்கறா, மீதி காசுல என்னா வாங்கினன்னு. உங்க காசை வாங்கிக்கினா அவ சொல்றது நெசம்னு ஆயிடாதா?"

"அப்ப என்னாதான் பண்ணச் சொல்றீங்க?"

"போர்டை மாத்துங்க. தண்ணி, வெளக்கு, அடுப்பு, வண்டி எல்லாம் சேத்து ஒரே வெலையா, ஒரே எழுத்துல எழுதுங்க. அதை எங்க சனத்துக்கிட்ட காட்டுறேன். பாரு, மொதல்ல தப்பா போட்டது அவங்கதான், நான் இல்லன்னு சொல்லணும். அப்பதான் வாபஸ்."

"போர்டு என்னுதில்லம்மா. மொதலாளியோடது."

"அவரு பேரு என்னா? எனக்கு உங்க பேருதான் தெரிஞ்சுது, அதான் உங்க பேரு. சொல்லுங்க, அவரு பேரையும் சேத்து இன்னொண்ணு கட்டிடறேன்."

நான் சொல்லவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். சம்பளம் வாங்குகிற வாயில் அந்தப் பெயர் வரவில்லை.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெண்ணின் காரியம் நிற்கிறது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிராது உன் பேருலதானே?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அடக்கிக்கொண்டு சொன்னேன். "ஆமாங்க. உங்க பேரு தெரியாததால வுட்டுட்டாங்க. உங்க பேரு என்னான்னு கேட்டாங்க. நான் இன்னும் சொல்லல. மறுபடி கேட்டாங்கன்னா சொல்லித்தானே ஆவணும்? கேட்டா சொல்லணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடி இல்லாத கண்ணோடு என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் பெயிண்டர் வந்துவிட்டான்.

"ஒரு கட்டம், எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். இதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லை." எல்லா எழுத்தும் ஒரே அளவு. பூங்காவனம் ஓரகத்தியையே கையோடு கூட்டிவந்து காட்டினார். அந்த அம்மா போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சரி, சரி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாருமாக மணவாளநல்லூர் போய் வாபஸ் வாங்கினோம். முனியப்பர் முன்னால் கற்பூரத்தைத் தொட்டு நான் வாய்விட்டுச் சொன்னேன்: "நான் கேட்டுல நிக்கிற வரைக்கும் போர்டு இப்பிடியேதான் இருக்கும் சாமி." பங்குனியில் தட்டு மாற்றினோம். பெண் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை வருஷம் பொருமிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த மகத்துக்கு எங்களுக்கு எதிர்ச்சாரியில் இருந்த நெல் காயப்போடும் களத்தை ஒருத்தர் திடலாக்கிவிட்டார். அவர் போர்டு: "ரூ.10 முதல்". எங்களிடம் கற்ற வித்தைதான். டிராக்டர்கள் வரும், என் கேட்டுக்கு முன்னால் மெதுவாகும், டிரைவர் நாற்பதைப் பார்ப்பார், எதிரே பத்தைப் பார்ப்பார், ஸ்டியரிங்கை ஒடிப்பார். நான் ரோட்டில் நின்று, "அங்க கடைசியில அம்பதுக்கு மேல ஆவும்ங்க, இங்க நாப்பதுதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நம்பவில்லை. வியாபாரம் இல்லாத வயிற்றெரிச்சலில் கத்துகிறான் என்று நினைத்தார்கள்.

அந்த வரிசையில் பூங்காவனத்தின் டிராக்டரும் வந்தது. மெதுவானது. எதிரே போய்விட்டது.

மத்தியானம் அந்த அம்மா குடத்தோடு எங்கள் குழாய்க்கு வந்தார். எதிரே தண்ணீருக்குத் தனிக் காசாம்.

"ஏம்மா, உங்களுக்காகத்தானே போர்டை மாத்தினோம்? நீங்களே அங்க போயிட்டீங்களே!" என்றேன். அழுகை வராத குறைதான்.

"என்னா பண்றதுண்ணே? நாப்பதுன்னு சொல்லி வசூல் பண்ணப் போனா ஒருத்தரும் வரமாட்டாங்க. பத்துன்னா ஏறிக் குந்திக்குவாங்க. எறங்கின பின்னாடி சண்ட போட்டு, கொறைச்சு, எப்பிடியோ குடுத்துருவாங்க. நாப்பதைப் பாத்தா எறங்கவே மாட்டாங்களே." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இந்த வாட்டி வசூல் எங்க ஓரகத்தி" என்று சிரித்தபடி ரோட்டைக் கடந்து போனார்.

சாயந்திரம் முதலாளி வந்து காலித் திடலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. "பெயிண்டரை வரச் சொல்லவா கொளஞ்சி?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லிக்குங்க. நான் கேட்டுல நிக்கலீங்க" என்றேன். சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் வற்புறுத்தவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மறுநாள் போர்டில் பத்து மறுபடி முழங்கை நீளத்துக்கு வந்தது, திடலும் நிறைந்தது. அதற்கு அப்புறம் நான் சம்பளத்துக்கு எங்கேயும் போகவில்லை. என் ஓய்வு அப்படித்தான் வந்தது.

முனியப்பரிடம் கொடுத்த வாக்கு தவறவில்லை. அந்த நிம்மதி இருக்கிறது. ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எழுதினவர் மேலா, ஏறிக் குந்தினவர் மேலா?

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது சொல்வதானால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கும் என்று போர்டு மாறின இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எதிரே போன டிராக்டரையும், குடத்தோடு வந்த அம்மாவையும், காலித் திடலையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதற்கு அப்புறமும் கேட்க உட்காருகிறவர் உட்காரட்டும்.